பொதுத்தொண்டரும் ஓயாக் கல்வியும்

பரீட்சையில் தேறிப் பட்டம் பெற்ற அன்றே கல்வி முற்றுப்பெற்றதென்று எண்ணுவோர் நம்முள் பலர் உளர். புத்தகங்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, பெட்டி படுக்கையுடன் வீடு திரும்பும் நண்பர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். உத்தியோகத்திற் புகுந்தோரிடம் அவ்வெண்ணம் நெடுநாள் நிலைப்பதில்லை. புதிய மருந்துகளை அறியாத வைத்தியரிடம் நோயாளி மறுமுறை செல்வதில்லை. புதிய தீர்ப்புக்களைப் படியாத வக்கீலிடம் கட்சிக்காரர் தங்குவதில்லை. ஆனால் ஊர்ப்பொதுக் காரியத்தைத் தலைமேற்கொண்ட ஒருவரை நோக்கி, 'ஐயா, சென்ற ஆண்டிலே தாங்கள் புதிதாய்க் கற்றது யாது?' என்று வினவுவார் ஒருவரும் இலர். மாலை சூட்டுவாரும், மனுக் கொடுப்பாரும், பின்னிருந்து வைவாருமே உளர்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையையும் ஒப்புக்கொள்ளல் நன்று. இளமையில் நாம் ஒரு சிறு வாசகசாலையின் காரியதரிசியாகத் தெரிந்தெடுக்கப்பட்டோம். முதற் கூட்டத்திலே அரைமணி நேரம் பிரசங்கம் செய்தோம், கைதட்டலும் பெற்றோம். ஆண்டிறுதியில் வரவு செலவுக் கணக்கு வந்தபோது அதனைப் படிக்கத் தெரியாமையால் படித்தது போலக் கையொப்பமிட்டோம். பெரும் தீங்கொன்றும் விளையவில்லை, கணக்கெழுதினவர் யோக்கியர். ஆயினும் அன்று நாம் செய்தது தொண்டன்று என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன. பொதுத்தொண்டருக்கு வேண்டுங் கல்வி யாது, அஃது எங்கே கிடைக்கும் என்னும் கேள்வி அதுமுதல் நம்மை விட்டபாடில்லை. இதற்கு விடை தேடத் தூரதேசம் போகவேண்டுவதில்லை. நம் புதுவை நகரின் சரித்திரத்திலேயே அது சிதறிக் கிடக்கின்றது.

முதலில் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரிலே பிறந்து, சிறு பிராயத்திலே புதுவைக்கு வந்து, வியாபாரத்தில் வளர்ந்து, துய்ப்ளேக்ஸ் என்னும் கவர்னர் காலத்தில் பெரிய துபாஷாக விளங்கியவர். துபாஷ் என்ற சொல்லுக்கு இருமொழி வல்லான் என்பது பொருள். ஆயினும் அப்பதவி மொழிபெயர்ப்போடு நின்றதன்று. பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஊராருக்கும் இடையில் நின்று, சரக்குக்கு விலை பேசவும், வழக்குகளைக் கேட்கவும், நவாபுகளுக்குச் செல்லும் கடிதங்களை ஆயவும் கடமைப்பட்டவர் அவர். 1746இல் கனகராய முதலியார் காலமான பின்னர் இக்காரியங்கள் பிள்ளையவர்கள் கைக்கு வந்தன.

அவருக்குப் பல்கலைக்கழகம் ஏது? அவர் தமக்கெனக் கண்ட கல்வி ஒன்றுண்டு. 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6ஆம் நாள் ஒரு நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். இடையிடையே விடுபட்டாலும், ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். இன்ன கப்பல் இன்ன சரக்குடன் வந்தது, கவர்னர் இன்னது கேட்டார், தாம் இன்னது சொன்னோம், அவர் முகம் எவ்வாறு மாறிற்று என்பவையெல்லாம் அதிலே காணப்படும். இலக்கண நடை அன்று. பாரசீகச் சொல்லும், போர்த்துகேசியச் சொல்லும், பிரெஞ்சுச் சொல்லும் கலந்த அக்காலத்துப் பேச்சு நடை. பிறர் படிப்பதற்காக எழுதியதாகவும் தோன்றவில்லை. நாள்தோறும் நடந்ததை ஆறவிட்டு, தனித்திருந்து, யார் மெய் சொன்னார், தாம் எங்கே தவறினோம் என்று எண்ணிப் பார்ப்பதற்கு அவருக்கு அக்குறிப்பே ஆசானாயிற்று என்று நாம் கருதுகின்றோம். அது 1846இல் கலுவா மொம்பிரோன் என்பவரால் வெளிச்சத்திற்கு வந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரையில் 12 பகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிட்டனர். சரித்திரம் எழுதுவோர்க்கு அஃது இன்று ஒரு களஞ்சியம்.

இத்துணை அறிந்தவர் ஊருக்குச் செய்தது என்ன என்று மாணவர் கேட்பராயின், அக்கேள்வி நியாயமானதே. பிள்ளையவர்கள் புலவரைப் புரந்தார். கப்பல் வாணிகம் செய்தார். பலருடைய பிணக்குகளைத் தீர்த்து வைத்தார். ஆயினும் 1748இல், ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்ட காலத்தில், வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டபோது அவரால் அதனைத் தடுக்க முடியவில்லை. ஊர்த் தமிழரின் தலைவர் எனப்பட்டவர் தம் மனவேதனையைக் குறிப்பில் எழுதினார், அவ்வளவே. அவருடைய அறிவெல்லாம் ஒரு கவர்னரின் மனநிலையை அறியும் அறிவாக இருந்தது. அம்மனநிலை மாறிய இடத்தில் அவ்வறிவு பயன்படவில்லை. அவரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஒருவரது தயவினால் நிற்கும் பதவிக்கும், சட்டத்தினால் நிற்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும். 1756இல் அவர் பதவியை இழந்தார். 1761 ஜனவரி 12ஆம் நாள் மறைந்தார். நான்கு நாட்களுக்குப்பின், 16ஆம் நாள், நகரமே ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

அவர் குடும்பத்திலேயே வேறொரு வழியைக் கண்டவரும் இருந்தனர். அவருடைய மாமன் நைனியப்ப பிள்ளை பெரிய துபாஷாயிருந்து, 1716இல் கவர்னர் எபேர் என்பாரால் சிறையிடப்பட்டு, சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்ப பிள்ளை அழுதுகொண்டிருக்கவில்லை. கப்பலேறிப் பிரான்சு தேசம் சென்று, அரசப் பிரதிநிதியிடம் முறையிட்டு, தந்தையின் மேல் ஏற்றப்பட்ட பழியைத் துடைத்து, செவாலியே விருதும் பெற்று மீண்டார். இருநூறு மனுக்களை உள்ளூரில் எழுதினும் கிட்டாத நியாயம், எக்கதவைத் தட்டவேண்டும் என்று அறிந்தவனுக்குக் கிட்டியது.

இதனினும் தெளிவான சான்று ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தது. 1873ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வக்கீல், ஐரோப்பியர் அணியும் சப்பாத்துடன் புதுவைக் கோர்ட்டிற்குள் நுழைந்தார். நீதிபதி அதனைப் பொறுக்கவில்லை. சுதேசிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் வருவதே மரியாதை என்பது அக்காலத்து வழக்கம். வழக்கத்தை மீறியதற்காகத் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்விடத்தில் சினங்கொண்டு கூச்சலிடுதல் எளிது. பணிந்து போதல் அதனினும் எளிது. பொன்னுத்தம்பியார் இரண்டையும் செய்யாமல், பிரெஞ்சுச் சட்டம் படித்தவராதலின், அச்சட்டத்தையே துணைக்கொண்டார். பாரிஸிலுள்ள உச்ச நீதிமன்றத்திற்கு வழக்கைக் கொண்டுசென்றார். ழுல் கொதேன் என்னும் வழக்கறிஞர் அங்கு அவர்க்காக வாதாடினார். மேல்மன்றம் புதுவைத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஒரு ஜோடி சப்பாத்திற்காகவா இத்தனை பிரயாசை என்று நகைப்பார் அக்காலத்தும் இருந்திருப்பர். வழக்கு சப்பாத்தைப் பற்றியதன்று; ஆளும் இனத்தார்க்கு ஒரு மரியாதை, ஆளப்படுவார்க்கு ஒரு மரியாதை என்பது சட்டத்தில் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்பதே வழக்கு.

பின்னர் அவர் சொந்த ஜாதிமத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கும் இயக்கத்திற்குத் தலைவரானார். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் வெளிவந்த ஆணை அதற்கு இடமளித்தது. அவ்வாறு துறந்தோர் குடும்பப் பெயரொன்றைத் தரித்தல் வேண்டும். இவர் 'லப்போர்த்' என்னும் பெயரைத் தரித்தார். வாயில் என்பது அதன் பொருள். இவ்வழி சரியானதா என்பதில் கருத்து வேற்றுமை அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பார் பலருக்கு அவ்வாயில் உண்மையாகவே திறந்தது. வேறு பலர் தம் முன்னோர் வழக்கத்தை விட மனமின்றி வெளியே நின்றனர். நாம் வியப்பது முடிவையன்று, முயற்சியின் தன்மையை. தம் மக்களை ஆளும் சட்டத்தை, ஆள்வோரினும் நன்கு கற்பதே அவர் செய்த தொண்டின் முதற்படி.

இதற்கிடையே பொதுவாழ்வுக்கு ஒரு பாடசாலையும் புதுவையில் ஏற்பட்டது. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையினால் பிரெஞ்சிந்தியா பத்துக் கொம்யூன்களாக வகுக்கப்பட்டு, நகரசபைகள் அமைக்கப்பட்டன. நகரசபைத் தலைவரை மேர் என்றும், அவர் இருக்கும் மாளிகையை மேரி என்றும் நம் பாட்டன்மார் அழைத்தனர். அச்சபைத் தேர்தல்கள் தூய்மையாக நடந்தன என்று நாம் சொல்லத் துணியோம். தடியும், பணமும், பொய்வாக்குகளும் அவற்றில் தாராளமாக விளையாடின. ஆயினும் சாக்கடைக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்திற்கு எவ்வளவு என்று ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து வாதாடும் பழக்கத்தை நம்மவர் முதன்முதல் அங்கேதான் கற்றனர். கணக்குப் படியாமற் கையொப்பமிடும் எம்போன்றார் அங்கே நெடுநாள் மறைந்திருக்க முடியாது.

இனி, ஊரார் அல்லாதாரும் புதுவையில் வந்து கற்ற காலம் ஒன்றைச் சொல்லவேண்டும். 1908இல் பாரதியாரும், 1910இல் அரவிந்தரும், அதே ஆண்டில் வ. வே. சு. ஐயரும் ஆங்கில அரசாங்கத்தின் பிடிக்கு அகப்படாது இங்கு வந்து சேர்ந்தனர். மேடையும், பத்திரிகையும், பெருங்கூட்டமும் இழந்த தலைவர்க்கு நாட்கள் எவ்வாறு கழியும்? இவர்கள் படித்தனர். பாரதியாரும் அரவிந்தரும் வேதங்களைச் சேர்ந்து ஆராய்ந்தனர். பாரஸ்டர் படிப்பை முடித்தும் இராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து வந்த ஐயர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கம்பனைப் பிறநாட்டுப் பெருங்கவிகளுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவர்கள் வீட்டெதிரே ஒற்றர்கள் காவலிருந்த அந்நாட்களில், உள்ளூரிலே கனக சுப்புரத்தினம் என்னும் இளைஞர் பாரதியாரோடு பழகி, பின்னாளில் பாரதிதாசனாகி, பள்ளி ஆசிரியராகவே பல ஆண்டுகள் உழைத்து, முதுமையில் சட்டசபை உறுப்பினரும் ஆனார்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் மறைத்தல் தகாது. நூலறிவிலே ஐயருக்கு இணையானார் அக்காலத்துத் தலைவருள் மிகச் சிலர். அவர் புதுவையை விட்டுச் சென்றபின் சேரன்மாதேவியில் தேசியக் குருகுலம் ஒன்றை நிறுவினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்கும் மற்றையோர்க்கும் உணவு தனித்தனியே பரிமாறப்பட்டதென்று 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. வரதராஜுலு நாயுடுவும், ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் கேட்ட கேள்வி எளியது. நாட்டின் பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பிள்ளைகளைப் பிரிப்பது ஏன் என்பதே அது. அதற்கு ஐயர் அளித்த சமாதானங்கள் கேட்டோரைத் திருப்திப்படுத்தவில்லை. அவர் குருகுலப் பொறுப்பை விட்டார்; 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காக்கப் புகுந்து உயிர் நீத்தார். வள்ளுவரையும் கம்பரையும் அவ்வளவு ஆழ்ந்து கற்றவர், சாப்பாட்டுப் பந்தியில் புறத்தே அமர்த்தப்பட்ட ஒரு சிறுவனிடத்தில் கற்கவேண்டியதைக் கற்கவில்லை. பெரியார் பலர்க்கு நேரும் இடறு இது. புத்தகம் நம்மை எதிர்த்துப் பேசுவதில்லை, மனிதர் பேசுகின்றனர்.

மனிதரிடம் கற்றவர்க்கு எடுத்துக்காட்டாக வ. சுப்பையாவைச் சொல்லலாம். 1911இல் புதுவையிற் பிறந்து, பெத்தி செமினேரிலும் கலவைக் கல்லூரியிலும் பயின்றவர். வாலிபர் சங்கத்திலும் அரிஜன சேவையிலும் ஈடுபட்டார். காந்தியடிகள் புதுவைக்கு வந்தது 1934 பிப்ரவரி 17ஆம் நாள். அவ்வாண்டிலேயே சுப்பையா 'சுதந்திரம்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது நகரிலிருந்த மூன்று பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். ஆலைக்குள் நடப்பதை ஆலைக்கு வெளியே இருந்துகொண்டு எழுத முடியாது. தொழிலாளர் குடிசைகளுக்குச் சென்று, எத்தனை மணிக்குச் சங்கு ஊதுகின்றது, எத்தனை மணிக்கு விடுகின்றனர், கூலியில் பிடித்தம் எவ்வளவு, பெண்களுக்கு என்ன கூலி, சிறுவர்க்கு என்ன கூலி என்று கேட்டறிந்தாலன்றி அப்பத்திரிகையில் எழுத ஒன்றும் இராது. கல்லூரி கொடாத பாடம் இது.

ஆனால் கேட்டறிதல் மட்டும் போதுமானதன்று. பிரான்சு தேசத்தில் எட்டுமணி நேர வேலைச் சட்டம் 1919 ஏப்ரல் மாதத்திலேயே நிறைவேறியிருந்தது. அதே கொடியின் கீழுள்ள புதுவையிலோ தொழிலாளி பத்து மணிக்கு மேலும் நின்று உழைத்தான். சங்கம் அமைக்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. பாரிஸில் நெய்பவனுக்கு ஒரு நீதி, புதுவையில் நெய்பவனுக்கு ஒரு நீதி ஏன் என்ற கேள்வி, பொன்னுத்தம்பியார் சப்பாத்தைக் கொண்டு கேட்ட அதே கேள்வியன்றோ? குடிசையிற் கேட்டதையும் சட்டத்திற் படித்ததையும் அருகருகே வைத்தபோதுதான், முணுமுணுப்பாயிருந்தது கோரிக்கையாயிற்று.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1936 ஜூலை 30ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 12 பேர் மாண்டனர். அந்நாளை இன்றும் புதுவைத் தொழிலாளர் நினைவுகூர்கின்றனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பிரான்சில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசாங்கம் பதவியேற்றிருந்தது. தலைநகரில் காற்று மாறியதை அறிந்து, புதுவையில் நடந்ததை அங்குள்ளார் செவியிற் படும்படி எடுத்துரைக்க ஆள் இருந்தமையால், 1937இல் எட்டுமணி வேலையும் சங்க உரிமையும் சட்டமாகப் புதுவைக்கு வந்தன. ஆசியாவில் எட்டுமணி வேலை முதன்முதல் இங்கேதான் சட்டமாயிற்று என்று புதுவையார் பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமை பேசுவோர் அப்பன்னிரண்டு பேரையும் உடன் நினைப்பது நலம்.

சுப்பையாவின் அரசியற் கொள்கையை எல்லாரும் ஏற்றாரல்லர். நம் ஆசிரியருள்ளும் அதனை வன்மையாக மறுப்பார் உண்டு. இப்பக்கங்கள் அவ்வாதத்திற்கு இடமல்ல. அவர் பிரெஞ்சு மேல்சபையில் உறுப்பினராயிருந்தார். விடுதலைப் போரில் நின்றார். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் சேர வாக்களித்த பின்னர், புதிய அரசியலிலும் உழைத்து, 1969 முதல் 1973 வரையில் விவசாய மந்திரியானார். முதுமையில் அமர்ந்து தம் நினைவுகளை ஒரு பெரிய நூலாக எழுதினார். 1993இல் காலமானார். ஆலைச் சங்கிலிருந்து பாரிஸ் சபை, அங்கிருந்து ஏர்முனை என்று வேலை மாறுந்தோறும் அவர் புதிய மாணவராகத் தொடங்கவேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் விவசாய இலாகாவின் கோப்புக்களைக் கையிலெடுத்தவர், எனக்கு ஆலைகளே தெரியும் என்று சொல்லியிருக்க இயலாதன்றோ?

இவ்வளவும் பழங்கதை. இப்போது நம் காலத்திற்கு வருவோம். வரும்போது சற்று மனம் சுருங்குகின்றது. 1880இல் திறந்த அப்பாடசாலை என்னவாயிற்று? புதுவையில் நகரசபைத் தேர்தல் 1968இல் நடந்தது. அதன்பின் நடந்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள். நகராட்சிக்கென 1973இல் தனிச் சட்டமும், நகரசபைகளுக்கு அரசியலமைப்பில் இடந்தரும் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கும் வந்தபின்னரும் நிலைமை இவ்வாறே இருந்தது. 2006இல் தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் தவணை 2011இல் முடிந்தது. 2021இல் மீண்டும் தேர்தல் அறிவிக்கப்பட்டு, வழக்குகளினால் நின்றது. ஒரு தலைமுறை முழுவதும் வார்டு உறுப்பினர் என்ற ஒருவரையே காணாது வளர்ந்ததென்றால், அத்தலைமுறையிலிருந்து மந்திரியாக வருவோர் வரவு செலவை எங்கே கற்றிருப்பர்? நீந்தத் தெரியாதவரை நேரே கடலில் தள்ளுவது போலன்றோ நாம் செய்கின்றோம்?

அதிகாரிகளே நகராட்சியைச் செவ்வனே நடத்துகின்றனரே, உறுப்பினர் எதற்கு என்று சில நண்பர்கள் நம்மிடம் வாதிட்டதுண்டு. தெருவிளக்கு எரிவதே நோக்கமாயின் அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் விளக்கு எரியாத இரவில் யார் கதவைத் தட்டுவது என்று குடிகளும், தட்டியவர்க்கு என்ன விடை சொல்வது என்று தலைவரும் கற்றுக்கொள்ளும் இடம் வேறொன்றில்லை. தேர்தல் செலவையும் சண்டையையும் அஞ்சி அதனை மூடி வைத்தல், தோற்றுவிடுவார்களென அஞ்சிப் பரீட்சையையே நிறுத்தி வைத்தலை ஒக்கும்.

கடற்கரையிலிருந்த பழைய மேரி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது நம் வாசகருட் பலர்க்கு நினைவிருக்கும். அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு, 2021இல் திறக்கப்பட்டது. மாலையில் அவ்வழி நடப்போர் அதன் வெண்தூண்களை நின்று பார்த்துச் செல்கின்றனர்.

சென்ற மழைக்காலத்தில் நம் மாணவர் ஐவர் பெரிய வாய்க்காலின் கரையோரமாக நடந்து, எங்கெங்கே குப்பை அடைந்து நீர் தேங்குகின்றது, எந்தச் சந்துகளில் வீட்டு வாசல் வரை ஏறுகின்றது என்று பதினொரு நாட்கள் குறித்துவந்தனர். ஒவ்வொரு வீட்டாரிடமும் எத்தனை ஆண்டுகளாக இவ்வாறு என்று கேட்டனர். நகராட்சிச் சட்டத்தில் வடிகாலைப் பற்றிய பிரிவுகளை நூல்நிலையத்தில் எடுத்துப் படித்தனர். குறிப்பு நாற்பது பக்கம் ஆயிற்று. முதல் இருபது பக்கங்கள் அடைமொழிகளாலேயே நிரம்பியிருந்தமையால் நாம் அவற்றை அடித்துவிட்டு, அளவுகளை மட்டும் வைக்கச் சொன்னோம். சிறிது வருத்தத்துடன் இசைந்தனர். பின்னர், இதனை யாரிடம் கொடுப்பது என்று கேட்டனர். அந்த வார்டுக்கு உறுப்பினர் இல்லாமையால், இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை நகராட்சி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெற்றனர். மற்றொன்றை நம் கல்லூரி நூல்நிலையத்தில் வைத்திருக்கின்றோம்; வரும் மழையில் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு மறுபடியும் நடக்க விரும்புவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.